டொர்க்காஸ் கொண்டுவந்த பெண்

உள்ளறையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.

காகிதத்தை விரித்துக்கொண்டிருந்த அண்ணன் டோமிட்டாவின் கை அப்படியே நின்றுபோனதை டொர்க்காஸ் பார்த்தாள்.

"யார் வீட்டுக் கொழந்தை?"

"நம்ம வீட்டுதுதான். இருண்ணே, தூக்கிட்டு வரேன்."

"அம்பத்திரெண்டு வயசுல உனக்குக் கொழந்தையா? கொக்கோபோ ஊரே சிரிக்கப்போவுது."

"சிரிக்கட்டும். நீ சிரிக்காதே. பாக்கு மென்னு மென்னு பல்லு பாதிதான் மிச்சம்."

எட்டு மாதப் பெண் குழந்தையைத் தோளில் சாய்த்தபடி வந்து உட்கார்ந்தாள்.

வீட்டின் பின்னால் கடலைப் பார்த்த மேட்டில் இருந்த தோப்புக்குத்தான் அந்தக் காகிதம். அந்தத் தீவை ஆண்ட ஜெர்மன்காரர்கள் நூல் பிடித்து நட்ட தென்னை வரிசைகள். ஒரு காலத்தில் அவளுடைய தாயே தன் முன்னோர் மண்ணில் கூலிக்குக் கொப்பரை உடைத்திருக்கிறாள். வெள்ளைக்காரர்கள் போனபின் மண் குலத்துக்குத் திரும்பியது. பக்கத்து நகரமான ரபாவுலை எரிமலைச் சாம்பல் மூடிய வருடம் கணவனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தாள் டொர்க்காஸ். மூன்று பையன்களையும் வளர்த்தது அந்தத் தோப்புத் தேங்காய்தான். பால் பிழிந்து, நெருப்பில் பழுக்கக் காய்ச்சிய கல்லைப் போட்டு, கீரையும் கோழியும் வேகவைத்துச் சந்தையில் விற்றாள். புகையில் கலங்கிய கண்ணை ஒருநாளும் அவள் அழுகை என்று சொன்னதில்லை.

அந்த மண் தாயிடமிருந்து மகளுக்குத்தான் இறங்கும். அவளுக்கோ பெண் இல்லை. அந்த ஒரு குறையைப் பிடித்துக்கொண்டுதான், தோப்பைத் தன் மகன்கள் பேருக்கு எழுதி ஓட்டல்காரனுக்குக் குத்தகை விடலாம் என்று போன மாதம் அண்ணன் ஆரம்பித்தான். அவள் கையெழுத்து இல்லாமல் அது நடக்காது.

அன்றே அடுப்பை அணைத்துவிட்டு அவள் தீவின் மறுகோடியில் இருந்த கிம்பேக்குக் கப்பல் ஏறினாள். எரிமலைக்குப் பயந்து அங்கே போய்விட்ட சித்தியின் மகள் ஜெர்ட்டாவுக்கு ஆறு பிள்ளைகள், ஆறும் பெண்கள். ஆறாவதைக் கையில் கொடுத்தபோது ஜெர்ட்டா தேம்பித் தேம்பி அழுதாள்.

"அக்கா, இவளை நம்ம அம்மாமாருங்க மண்ணுல நடக்க வை. எனக்கு அது போதும்."

இப்போது டோமிட்டா குழந்தையை உற்றுப் பார்த்தான். "யாரு பெத்தது?"

"ஜெர்ட்டா. நம்ம ரத்தம், நம்ம குலம். கிம்பே சபையில சொல்லி, அங்க இருக்கற நம்ம குலப் பெரியவங்க முன்னால எனக்கு மகளா ஏத்துக்கிட்டேன். எனக்கப்புறம் தோப்பு இவளுக்கு."

அவன் முகம் கறுத்தது. பையிலிருந்து ஒரு பாக்கை எடுத்து அவள் முன் வைத்தான். அதை எடுத்து மென்றால் பேச்சுக்குச் சம்மதம்.

"வம்பு வேணாம் டொர்க்காஸ். நான் செத்தா என் பசங்க எங்க போய் நிப்பானுங்க? அதை நெனச்சியா?"

அந்தக் குரல் உடைந்ததில் அவள் நெஞ்சும் உடைந்தது. தகப்பன் இல்லாத வீட்டில் அவளைத் தோளில் சுமந்து பள்ளிக்கூடம் கொண்டுபோனவன் அவன். ஆனாலும் கை பாக்கின் பக்கம் போகவில்லை.

"அவங்க அம்மா மண்ணு அவங்களுக்கு இருக்குண்ணே. இங்க வந்து பயிர் வெச்சுத் தின்னட்டும், நான் குறுக்க நிக்கமாட்டேன். எழுதிக் குடுக்கறது மட்டும் என்னால ஆவாது."

"அப்ப நான் இனிமே இந்தப் படி ஏறமாட்டேன்."

"ஏறு, ஏறாதே. எனக்கு நீ ஒரே அண்ணன்தான். அதுக்காகக் கையெழுத்துப் போடமாட்டேன்."

குழந்தை எட்டி அவன் விரலைப் பிடித்துக்கொண்டது. அவன் குனிந்து அதன் முகத்தைப் பார்த்தான். செத்துப்போன அம்மாவின் அதே அகன்ற நெற்றி. பிறகு மெல்ல விரலை விடுவித்துக்கொண்டான். காகிதத்தை மடித்தான், பாக்கையும் எடுத்துக்கொண்டான்.

படியிறங்கும் வரை அவன் திரும்பவில்லை. டொர்க்காஸ் கன்னத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, அவன் வேலியைத் தாண்டியதும் கதவைச் சாத்தினாள்.