ஸோயா சாப்பிடக் கூப்பிட்ட நாள்

இப்போது ஸோயா பேசுவதைக் கேட்டால் நான் சொல்வதை யாரும் நம்ப மாட்டார்கள். எங்கள் ஜொல்லா மாகாணத்துக் கொரியப் பேச்சின் இழுவையோடு அவள் பேரம் பேசினால் மீன்கூடக் கண்ணை மூடிக்கொள்ளும். குவாங்ஜுவில் எங்கள் சந்தைக்கு வந்த புதிதில் அவளுக்கு வாயே திறக்காது. அந்தக் காலத்தை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், கண்ணும் கலங்கும்.

தாத்தா காலத்திலேயே கொரியாவை விட்டுப் போன குடும்பம். தாஷ்கண்டில் ரஷ்ய மொழி பேசி வளர்ந்தவள். புருஷன் இறந்த பிறகு, தாத்தாவின் நாடு என்று தனியாகப் புறப்பட்டு வந்துவிட்டாள். வெள்ளைக்காரியாக இருந்தால் இரண்டு வார்த்தை பேசினாலே எங்கள் ஆட்கள் கை தட்டியிருப்பார்கள். ஸோயாவுக்கு எங்கள் முகம். பேருந்தில் ஒரு பெரியவர் ஏதோ கேட்க, இவள் விழிக்க, "கேட்டா பதில் சொல்றாளா பாரு, திமிரு!" என்று இறங்கும்வரை திட்டிக்கொண்டே வந்தாராம். திட்டு என்று புரிந்ததாம், எதற்கு என்றுதான் புரியவில்லையாம்.

மெங் ஒக்ஜா அக்காவின் தொடுகறிக் கடையில் பூண்டு உரிக்கும் வேலை கிடைத்தது. எதிரே என் டோஃபு கடை. நான் குடியிருந்த வீட்டு மாடியறையில்தான் அவளும் குடியிருந்தாள்.

ஞாயிறு மதியம் எங்கள் சபையில் போதகரம்மா வெளியூர்க்காரர்களுக்குக் கொரியப் பேச்சு சொல்லிக்கொடுப்பார். அங்கே படித்ததை ஸோயா வாரம் முழுக்கச் சந்தையில் ஒப்பிப்பாள். வழி கேட்கும் பாடம் வந்த வாரம், தினம் தாண்டிப் போகிற தபால் நிலையத்துக்கு எல்லாரிடமும் வழி கேட்டாள். மருத்துவர் பாடம் வந்த வாரம் கடை கடையாக நின்று, "எனக்கு வயிறு வலிக்கிறது" என்றாள். முடி வெட்டும் பொங்னிம் பதறிப்போய், பாதி வெட்டிய தலையை அப்படியே விட்டுவிட்டு மருந்துக்கு ஓடினாள். திரும்பி வந்தால் ஸோயா பழக்கடை முன்னால் நின்று அதையே சிரித்த முகமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"அடியே, உன் வயித்துவலியில என் வாடிக்கை போச்சுடி!" என்று பொங்னிம் அவள் முதுகில் ஒன்று வைத்தாள். அதற்குப் பிறகு ஸோயா எது சொன்னாலும், இது எந்தப் பாடம் என்று கேட்பதே சந்தைக்கு விளையாட்டாகிவிட்டது.

பிரியும்போது நாங்கள், "ஒரு நாள் சேர்ந்து சாப்பிடலாம்" என்போம். வேறொன்றுமில்லை, போய்வருகிறேன் என்பதுபோலத்தான். சொன்னவரும் மறந்துவிடுவார், கேட்டவரும் மறந்துவிடுவார். ஸோயா மறக்கவில்லை. அவள் வளர்ந்த ஊரில் சாப்பாட்டை வைத்து யாரும் சும்மா பேச மாட்டார்களாம். "எந்த நாள்?" என்று நின்று கேட்பாள். ஒக்ஜா அக்கா திணறிப்போய், "இந்தக் குளிர்காலக் கிம்ச்சி போட்டு முடியட்டும்" என்றார். பொங்னிமும் அதையே சொன்னாள். எல்லாரும் அதையே சொன்னார்கள்.

குளிர்காலத்துக்கான கிம்ச்சி ஊறுகாய் போடும் வேலை முடிந்தது. முட்டைக்கோஸ் உப்பில் வெடித்த கையோடு ஸோயா என் கடைக்கு வந்தாள். பாடப் பேச்சு இல்லை, துண்டு துண்டாகத்தான் பேசினாள்.

"அக்கா. ஒரு வருஷம். என் வீட்ல யாரும் வந்து சாப்பிடல. தங்கச்சி போன்ல அழறா. திரும்பி வா, அங்க உனக்கு யாருன்னு கேக்கறா. என்ன சொல்ல?" ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டாள். "திங்கக்கெழம சமைக்கறேன். எல்லாரையும் கூப்பிடறேன். வந்தா இருக்கேன். வரலைன்னா போறேன். யார்கிட்டயும் சொல்லாதீங்க. பாவம்னு வரக்கூடாது."

சரி என்று தலையாட்டினேன். விடியற்கால ஜெபத்தில் கர்த்தரிடம் மட்டும் சொன்னேன். அவரிடம் சொல்வது யாரிடமும் சொல்வதில் சேராது.

அந்த வாரம் அவள் ஒவ்வொரு கடையாகப் போய்க் குனிந்து வணங்கி ஏதோ சொல்வதை என் இடத்திலிருந்து பார்த்தேன். எல்லாரும் சிரித்தார்கள், தலையாட்டினார்கள், ஒக்ஜா அக்கா முதுகில் தட்டிக்கொடுத்தார். எனக்கு மனசு குளிர்ந்துபோனது.

திங்கட்கிழமை கடையைச் சீக்கிரம் மூடிவிட்டுக் கேரட் நறுக்கப் போனேன். அவள் ஊர் புலாவ். மாட்டுக்கறியும் கேரட்டும் வெங்காயமும் எண்ணெயில் வதக்கி, அரிசி மேலே முழுப் பூண்டு குத்தி வைத்திருந்தாள். தரையில் விரித்த துணிமேல் தட்டுகள். ஆறு மணி ஆயிற்று. ஆறரையும் ஆயிற்று. மூடியைத் திறந்து பார்ப்பாள், மூடுவாள். பிறகு ஒரு தட்டை எடுத்து உள்ளே வைத்தாள். இன்னொன்றையும் எடுத்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "வாடி கீழே. சந்தை இன்னும் மூடல" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

ஒக்ஜா அக்கா கடை வாசலைக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பொங்னிம் வறுத்த கடற்பாசியைக் கொறித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, வரலையா?" என்றேன்.

"எங்க?"

"ஸோயா வீட்டுக்கு. சாப்பிட."

ஒக்ஜா அக்கா துடைப்பத்தை நிறுத்தினார். "சாப்பிடவா? 'திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்கு என் இல்லத்திற்கு வாருங்கள்'னாளே... அது பாடம்ல?"

"விருந்துக்கு அழைக்கிற பாடம்" என்றாள் பொங்னிம். "என்கிட்டயும் சொன்னா. ரொம்பத் தெளிவா இருக்குடின்னு பாராட்டினேனே!"

"நான் ரெண்டு வாட்டி சொல்ல வெச்சுக் கேட்டேன்" என்றார் ஒக்ஜா அக்கா மெதுவாக.

அப்போதுதான் ஸோயாவுக்கு வாய் திறந்தது. ஏப்ரனோடு, செருப்பு மாற்றிப் போட்ட காலோடு சந்தை நடுவில் நின்று கத்தினாள்.

"பாடம் இல்ல! வயித்துவலி பாடம். தபால் பாடம். இது நெஜம்! கறி வெந்துச்சு! சோறு ஆறுது! நான் காலைலேர்ந்து நிக்கறேன், நீங்க கடலைப்... கடலைப் பாசி தின்றீங்க! வாங்க!"

எந்தப் புத்தகத்திலும் அப்படி ஒரு பேச்சு இருக்காது. பாதி தப்பு. ஆனால் அந்தச் சந்தையில் அதுவரை யாருக்கும் அவ்வளவு நன்றாக எதுவும் புரிந்ததில்லை. மீன்கடை, பழக்கடை எல்லாம் எட்டிப் பார்த்தன.

"ஐயோ, திட்டறாளே!" என்றாள் பொங்னிம். கண் கலங்கிவிட்டது, வாய் சிரிக்கிறது. "நம்மள மாதிரியே திட்டறா!"

"சும்மா நிக்காதடி, ஷட்டரை இழு" என்றார் ஒக்ஜா அக்கா. உள்ளே போய்ப் புதுக் கிம்ச்சி ஒரு பாத்திரம் நிறைய எடுத்துக்கொண்டார். "வெறுங்கையோட போறதா? பழக்காரரே, ஒம்ம பேரிக்காயில நல்லதா எடுத்துக்கிட்டு நீரும் வாரும்!"

மாடிப்படியில் அத்தனை செருப்பை நான் அன்றுதான் பார்த்தேன். உள்ளே வைத்த தட்டுகள் வெளியே வந்தன, போதவில்லை, என் வீட்டுக் கிண்ணங்களும் மேலே போயின. பழக்காரர் பூண்டை முழுசாக வாயில் போட்டுக்கொண்டு, "இது நம்ம பூண்டா?" என்றார். ஒக்ஜா அக்கா, "எண்ணெய் அதிகம், உப்பு கம்மி" என்று குறை சொல்லிக்கொண்டே மூன்றாவது முறை வாங்கிச் சாப்பிட்டார். "கிம்ச்சி வெச்சுத் தின்னாத்தான் இது இறங்கும், தள்ளு." அவர் குறை சொல்லச் சொல்ல ஸோயாவின் முகம் சிவந்து மலர்ந்தது.

ஒக்ஜா அக்கா கர்த்தருக்குள் உறங்கிச் சில வருடங்கள் ஆகின்றன. இப்போது எங்கள் தெருவில் பாதிப் பெயர்ப்பலகை ரஷ்ய எழுத்தில் இருக்கிறது, புதிதாக வருகிறவர்கள் ஸோயாவைத் தேடித்தான் முதலில் வருகிறார்கள். ஆனால் எனக்கு மனசில் நிற்பது அந்தச் சின்ன அறைதான், ஆவி படிந்த ஜன்னலும், ஆளுக்கு ஆள் இடித்துக்கொண்டு உட்கார்ந்ததும்.

சாப்பாட்டின் நடுவில் அவளுடைய கைப்பேசி அடித்தது. தங்கை. எனக்குக் கையில் எடுத்த கரண்டி அப்படியே நின்றது. ஸோயா வாயில் சோற்றோடு ரஷ்ய மொழியில் இரண்டே வார்த்தை சொன்னாள், வைத்துவிட்டாள்.

"என்னடி சொன்னே?" என்றேன்.

"வீட்ல ஆளுங்க இருக்காங்க, அப்புறம் பேசுன்னேன்" என்றாள். பிறகு, பழக்காரரின் கிண்ணம் காலியாக இருப்பதைப் பார்த்து எழுந்து போனாள்.