நாலு மூலையிலும் மஞ்சள்

தொண்ணூறுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் ஒரு கல்யாணப் பத்திரிகைக் கடையில் டிசைன் வேலை பார்த்தேன். பிள்ளையாரை எங்கே உட்கார வைப்பது, மாப்பிள்ளையின் படிப்பை எவ்வளவு பெரிய எழுத்தில் போட்டால் சம்பந்தி வீட்டில் சண்டை வராது என்பதெல்லாம் என் பொறுப்பு. அப்பாவும் அம்மாவும் போன பிறகு வீட்டில் நானும் அண்ணனும்தான். அண்ணன் குடிப்பான். கொஞ்ச நஞ்சமல்ல. வடமதுரை ரோட்டில் இருந்த ஒரு மீட்பு இல்லத்தில் அவனைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

அந்த இல்லத்தை நடத்திய மேடத்தை நான் சாமியாகவே பார்த்தேன். முதல் வாரம் அண்ணன் கைகால் உதறிக் கிடந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டியவர் அவர். "நீ டிசைன் பண்றவதான? இவங்களும் மனுசங்கதான்னு காட்டுற மாதிரி கையால ஒரு புத்தகம் செஞ்சு குடும்மா" என்று அவர் கேட்டபோது நான் மறுபேச்சுப் பேசவில்லை. ஒரே ஒரு பிரதி. இல்லத்தின் முன்னறையில் இருக்கும். புதிதாகச் சேர்பவர்களின் வீட்டார் மட்டும் புரட்டிப் பார்ப்பார்கள். வெளியே போகாது என்பதுதான் பேச்சு.

கடையில் மிஞ்சிய பத்திரிகை அட்டைகளை வெட்டிப் பக்கங்களாக்கினேன். பதினோரு பேர், ஆளுக்கு இரண்டு பக்கம். பெயர் கிடையாது, முகம் கிடையாது. இடது பக்கத்தில் அவர்களுடைய கையை வைக்கச் சொல்லிச் சுற்றி வரைந்தேன். வலது பக்கத்தில் அந்தக் கைக்குத் தெரிந்த வேலையை எழுதினேன். குடி என்ற சொல் புத்தகத்தில் எங்கேயும் வரக்கூடாது என்று நானே சட்டம் போட்டுக்கொண்டேன். அதைத்தான் ஊரே சொல்லிக்கொண்டிருக்கிறதே, நான் வேறு எதற்கு?

பேகம்பூர்க்காரர் ஒருவர் கண்ணை மூடித் தடவியே இது வெள்ளாட்டுத் தோல், இது செம்மறித் தோல் என்று சொல்லிவிடுவார். நெய்க்காரப்பட்டி விவசாயி ஒருவர், "ஏனுங்க, நான் மம்பட்டி புடிச்சதையெல்லாமா எழுதுவீங்க?" என்று வெட்கப்பட்டார். அப்புறம் மடை திருப்புவதைப் பற்றி ஆரம்பித்தவரை நிறுத்த முடியவில்லை.

அண்ணனுக்கு வலது கை மோதிர விரல் பாதிதான். பதினைந்து வயதில் கடலை உடைக்கும் மெஷினில் போனது. அப்போது அவனுக்குச் சாராய வாடையே தெரியாது.

"விரல முழுசா வரைஞ்சுறவாண்ணே?" என்று கேட்டேன்.

"உள்ளதப் போடு பாப்பா. ஆனா வெளியாளுக யாரு கண்ணுலயும் படாதுல்ல?"

படாது என்று அவன் கையிலேயே அடித்துச் சத்தியம் செய்தேன். அவன் பக்கத்தில் வேன் ஓட்டுவதைப் பற்றி எழுதினேன். பின்னால் உறங்குகிறவர்கள் தூக்கம் கலையக் கூடாது என்று, பள்ளம் வருவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடுவான்.

தைத்து முடித்ததும் தொழில் பழக்கம் என்னை விடவில்லை. முதல் பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சளும் குங்குமமும் வைக்காமல் எங்கள் கடையில் எதையும் வெளியே விடமாட்டோம். ஒரு கிண்ணத்தில் இரண்டையும் குழைத்துக் கொண்டுபோய், அவரவர் பக்கத்துக்கு அவரவரே வையுங்கள் என்றேன். பேகம்பூர்க்காரர் மட்டும் சிரித்துக்கொண்டே தன் பக்கத்தில் அத்தர் தடவினார். அண்ணன் பாதி விரலால் தொட்டு வைத்தான். கை நடுங்கி, மூலையில் நிற்க வேண்டிய மஞ்சள் எழுத்து வரைக்கும் இழுபட்டு வந்தது.

"கெடுத்துட்டேனா?" என்றான்.

"அம்புட்டு அழகா இருக்கு" என்றேன். பொய் இல்லை.

இல்லத்திலிருந்து வெளியே வந்ததும் அண்ணன் ஒரு நூல் மில்லில் பெண்களை ஏற்றிப் போகும் வேனுக்கு டிரைவர் ஆனான். இல்லத்தில் இருந்ததை அங்கே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சாவியைக் கையில் கொடுத்திருப்பார்களா? ஏழு மாதம் ஒரு நாள் தவறாமல் போனான். புதுச் சட்டை தைத்துக்கொண்டான். எனக்கு மாப்பிள்ளை பார்க்கப் போவதாக ஜம்பம் வேறு.

ஒரு மத்தியானம் கடைக்கே வந்து நின்றான். கையில் ஒரு ஜெராக்ஸ் தாள். மில் கேட்டில் ஒட்டியிருந்ததாம். அவனுடைய கை, பாதி விரலோடு. வலது பக்கத்தில், வேனைப் பற்றி நான் எழுதியதை மறைத்து, கொட்டை எழுத்தில் 'குடி தின்ற விரல்' என்று போட்டிருந்தது. மேடம் பதினோரு பேரின் பக்கங்களையும் நகலெடுத்து மில், பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாண்ட் என்று விழிப்புணர்வுக்காக ஒட்டச் சொல்லியிருக்கிறார். ஜெராக்ஸில் குங்குமம் கறுப்பாக விழுந்திருந்தது. நாலு மூலையிலும் கறுப்பு.

எங்கள் பக்கத்தில் மூலையில் கறுப்புத் தடவி வரும் தபால் சாவுச் சேதி. வாசித்த கையோடு கிழித்துப் போட்டுவிடுவார்கள், வீட்டுக்குள் வைக்க மாட்டார்கள்.

"பொம்பளப் பிள்ளைக ஏறுற வண்டின்னு சாவிய வாங்கிட்டாங்க" என்றான் அண்ணன். குரல் உயரவில்லை. "கறுப்புத் தடவி எனக்குக் கருமாதிப் பத்திரிகையே அடிச்சுட்டியே பாப்பா."

"நான் இல்லண்ணே. அது மஞ்சக் குங்குமம்தான், ஜெராக்ஸ்ல..."

"கையில அடிச்சுச் சத்தியம் பண்ணுனது யாரு? மேடமா?"

தாளை நாலாகக் கிழித்துக் கடை வாசலில் போட்டுவிட்டுப் போனான்.

அப்போதே பஸ் ஏறி இல்லத்துக்குப் போனேன். புத்தகத்தின் நூலை அறுத்துப் பக்கங்களைத் தனித்தனியாக ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருந்தார்கள். மேடம் எனக்கு டீ கொடுத்தார்.

"பேரு போடலையேம்மா. நாலு பேரு பாத்துத் திருந்துனா நல்லதுதான? ஏன் இப்பிடிக் கொதிக்கிற?"

"அந்த விரலு குடியில போகல மேடம்."

"அது யாருக்குத் தெரியப்போகுது?"

இந்த ஒரு வார்த்தையை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. கஞ்சி ஊட்டியதும் அதே கைதான் என்பதுதான் எனக்குப் பெரிய வயிற்றெரிச்சல். டீயைக் குடிக்காமல், பையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

அண்ணன் அந்த வாரமே ஊரைவிட்டுப் போய்விட்டான். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி லாரி ஓட்டுகிறான் என்றார்கள். மறுபடியும் குடிக்கிறான் என்றார்கள். எனக்கு அவன் மீதும் கோபம்தான். ஊரே அவனைக் குடிகாரன் என்றபோது நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அவன் ஒரு தாளைப் பார்த்துவிட்டு என்னைக் கை கழுவினான். அந்தக் கோபத்தில், அவன் குடிக்கிறான் என்று சொன்னவர்களை நானும் நம்பினேன். போய்ப் பார்க்கவில்லை.

ஆறு வருஷம் கழித்து, கடை விலாசத்துக்குத் தபாலில் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. மணமகன் அண்ணன். வேறு ஏதோ அச்சகத்தில் அடித்திருந்தான். கூடப் பிறந்தவள் நான், அவன் கட்டும் தாலியில் மூன்றாவது முடிச்சுப் போட வேண்டியவள். எனக்கு நேரில் வந்து வைக்காமல் தபாலில் அனுப்பியிருந்தான். பத்திரிகையில் என் பெயர் எங்கேயும் இல்லை.

பழக்கதோஷத்தில் முதலில் எழுத்துப் பிழைதான் தேடினேன். அப்புறம்தான் மூலைகளைப் பார்த்தேன். பாதி விரலால் வைத்தால் பொட்டு அகலமாக விழும். அவனே வைத்ததுதான். நாலும் வைத்த இடத்திலேயே நின்றன. ஒன்றுகூட இழுபடவில்லை.