ரோஸி டீச்சர் வீட்டுத் தோட்டம்

மார்க்கெட்டில் இன்று மரிக்கொழுந்து வாசனை வந்ததும், ராஜகீழ்ப்பாக்கத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கும் இடத்தில் அன்றிருந்த ரோஸி டீச்சர் வீட்டுத் தோட்டம் நினைவுக்கு வந்தது. அறுபதுகளில், கோடைக் கடைசியில், எங்கள் உப்புக் கிணற்றை நம்பிய செடிகளெல்லாம் கருகிக் கிடக்க, அங்கே மட்டும் மரிக்கொழுந்து தழைத்து, கனகாம்பரமும் கொடிமல்லியும் பூத்துத் தள்ளும். ஞாயிறுதோறும் என்னையும் கூட்டிக்கொண்டு போய், இலை இலையாகத் தொட்டுப் பார்க்கும் அம்மா, திரும்பும் வழியெல்லாம் பொருமுவாள்.

"நல்ல தண்ணி இருக்கு, பூக்குது. இதுல இவளுக்கென்ன பெருமை?"

ஒரு ஞாயிறு, பிள்ளையில்லாத டீச்சர் எனக்குப் பூ வைத்துவிட்டு, பின்னலை விடாமலே கேட்டாள்:

"எந்தச் செடி வேணும்னாலும் எடுத்துக்கோங்கக்கா. லீவு முடியறவரைக்கும் இவள எங்கிட்ட விட்டுட்டுப் போறீங்களா?"

அம்மா சிரித்துக்கொண்டே என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அன்று வழியில் அவள் பொருமவில்லை. வீடு வரும்வரை என் கையை மட்டும் விடவேயில்லை.