அத்தாவின் கலங்கரை விளக்கம்

ஆமைக்குஞ்சுகள் வெளிச்சத்தைக் கடலென்று நம்பி ஊருக்குள் வந்துவிடுகின்றனவாம். அதனால் கரையோர வீடுகளின் வெளிவிளக்குகளுக்கு மூடி போட வேண்டும் என்று உத்தரவு. நேற்று மாலை எங்கள் மாடி விளக்குக்கும் எலக்ட்ரீஷியன் தகர மூடி மாட்டினார். சூட்டில் பெயிண்ட் கருகிய வாசனை என்னை மூன்றாம் வகுப்புக்குக் கொண்டுபோய்விட்டது.

அந்த வருஷம் துபாயிலிருந்து வந்த அத்தா, எல்லோரும் சென்ட் கொண்டுவரும் பெட்டியில் ஹாலஜன் விளக்கு கொண்டுவந்தார். அதை மாடியில் போட்டதும் உப்பளத்துப் பாத்திகள்கூடப் பளபளத்தன. அம்மா மட்டும், "மொட்டை மாடில யாரு சோறு திங்கப் போறாங்க?" என்று கேட்டாள்.

மறுநாள் விடியுமுன்னே வாசலில் சத்தம். மூன்று படகுகள் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கரையேறி நின்றன.

"எங்க கரை கோயில் லைட்டுன்னு நெனச்சி இங்க வந்துட்டோம் பாய். எங்க பொம்பளைங்க கூடையோட அங்க நிக்கிறாங்க" என்றார் ஒரு மீனவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

அத்தாவின் முகம் மலர்ந்தது. "எவ்ளோ தூரத்துலேர்ந்து தெரிஞ்சிது?"

அம்மா அத்தனை பேருக்கும் டீ போட்டுக் கொடுத்து அனுப்பினாள். பிறகு ஒரு பெயிண்ட் டின்னைப் பாதியாக வெட்டி விளக்கின் மேல் கவிழ்த்தாள். அன்றிரவு வீடெல்லாம் இதே வாசனை. அந்த டின் துருப்பிடித்து உதிர்ந்து வருஷங்களாகிவிட்டன.

நேற்று எலக்ட்ரீஷியன் போனதும் அத்தா கைத்தடியோடு கடலோரம்வரை நடந்துபோய், வீட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஒண்ணுமே தெரியல. இனிமே நம்ம வீட்டுக்கு யாரு வருவாங்க?"