கைக்குட்டை போட்டுப் பிடித்த ஜன்னல்

தொண்ணூறுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெங்களூர் ஆடுகோடியிலிருந்து குடும்பத்தோடு பன்னேர்கட்டா தேசியப் பூங்காவுக்குப் போனோம். டவுன் பஸ்ஸில் என் கொழுந்தன் மனைவிக்குத்தான் ஜன்னலோரம் கிடைத்தது. எதிலும் அவளுக்கு நல்ல இடம்தான் வாய்க்கும். எனக்கு வயிறு எரிந்தது.

பூங்காவுக்குள் இலவச பஸ் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. வேண்டிய இடத்தில் இறங்கிப் பார்த்துவிட்டு, அது மறுபடி வரும்போது ஏறிக்கொள்ளலாம். பஸ் நிற்பதற்குள் ஓடிப்போய், ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடித்துவிட்டேன்.

மான்கள் இருந்த இடத்தில் எல்லோரும் இறங்கினார்கள். "வாங்கக்கா, பாத்துட்டு வரலாம்" என்றாள் கொழுந்தன் மனைவி. நான் எழுந்தால் திரும்பும்போது அங்கே யார் உட்காருவாள் என்று எனக்குத் தெரியாதா?

"நீ போம்மா, எனக்குக் கால் வலிக்குது."

என் மகள் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்து இறங்கினாள்.

அடுத்த சுற்றில் ஏறி, முதலைகள் இருந்த இடத்தில் இறங்கினார்கள். அதற்கடுத்து யானை. நான் அசையவில்லை. "என்னம்மா, ஃப்ரீ பஸ்ஸுன்னா நாள் பூரா சுத்துவீங்களா?" என்று டிரைவர் சிரித்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மாலையில் மகள் மூச்சிரைக்க ஏறினாள். "அம்மா, யானை சித்தி தலையில தும்பிக்கை வெச்சுதும்மா! நீ என்ன பாத்தே?"

அத்தனை சுற்றிலும் அந்த ஜன்னல் வழியாக நான் அவள் சித்தியையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.