மணியத்தின் சீனியாரிட்டி நம்பர்

1. ஒரு நம்பர் மேலே

விமானக் கம்பெனியில் சேர்ந்த அன்று யூனிபார்முக்கு முன்னாலேயே எங்களுக்கு ஒரு நம்பரைக் கொடுத்தார்கள். சீனியாரிட்டி நம்பர். ஒரு விமானிக்குத் தலையெழுத்தே அதுதான். யார் முதலில் கேப்டன் ஆவது, யாருக்குத் தீபாவளி லீவு, எல்லாம் அந்த வரிசைப்படிதான் நடக்கும். ஒரே நாளில் சேர்ந்தவர்களுக்குள் வயதைப் பார்ப்பார்கள். மணியம் என்னைவிடச் சில வாரம் மூத்தவன். அதனால் அவன் நம்பர் எனக்கு நேர் மேலே.

அவன் தெலுக் இந்தான் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன், நான் லகாட் ஊர்க்காரன். ஒரே பேராக் மாநிலத்து ஆட்கள் என்று ஒட்டிக்கொண்டோம். முக்கால்வாசித் தீபாவளிக்கு லீவு அவனோடு தீர்ந்துவிடும்.

"டேய் குணா, எனக்கு லீவு, உனக்கு முறுக்கு. போய் பிளேன் ஓட்டு லா!" என்று டப்பாவை நீட்டுவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் என் மகளின் தலைதீபாவளிக்கு வாயைத் திறந்து கேட்காமலே லீவை விட்டுக்கொடுத்தான். ஒருவர் விட்டால் அடுத்த நம்பருக்குப் போகும். நேராக எனக்கு வந்தது.

இருவரும் கேப்டன் ஆனோம். இரண்டு கேப்டன்களைச் சாதாரணமாக ஒரே காக்பிட்டில் போடமாட்டார்கள். அதில் அவனுக்கு ஒரு குறை.

"ரிட்டையர் ஆவறதுக்குள்ள ஒரு தடவ சேர்ந்து ஓட்டணும்டா. நான் லெப்ட் சீட்டு, நீ ரைட்டு" என்பான். இடது சீட்டு கேப்டனுடையது. அதிலும் எனக்கு மேலேதான் உட்காருவானாம், பாவி.

2. ஒப்பந்தம்

கொரோனா வந்தது. அவன் ஓட்டிய ரக வாடகை விமானங்களைக் கம்பெனி திருப்பிக் கொடுத்துவிட்டு, அவற்றை ஓட்டியவர்களை வீட்டுக்கு அனுப்பியது. நான் வேறு ரகம் ஓட்டியதால் தப்பித்தேன். திறமையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

விமானங்கள் மறுபடி பறக்கத் தொடங்கியபோது, விமானிகள் சங்கத்திடம் கம்பெனி ஒரு புது ஒப்பந்தத்தை நீட்டியது. எங்களுக்கு வெட்டிய சம்பளம் திரும்ப வரும், ஓய்வு நாள் கூடும். நடுவில் ஒரு ஷரத்து. வீட்டுக்கு அனுப்பியவர்களைத் திரும்ப எடுப்பார்கள், ஆனால் பழைய நம்பர் கிடையாது. வரிசையின் கடைசியில் ஃபர்ஸ்ட் ஆபீசராக, அதாவது துணை விமானியாகத்தான் வர வேண்டும். நாங்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் அவர்களில் ஒருவரையும் எடுக்கமாட்டார்கள். ஓட்டுப் போடும் உரிமை வேலையில் இருப்பவர்களுக்கு மட்டும். மணியத்துக்கு இல்லை.

சங்கக் கூட்டத்தில் ஓர் இளைய விமானி, "கேப்டன், நம்ம சம்பளம்தான் வருதே லா, இன்னும் என்னா யோசனை?" என்று கேட்டான். வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு, மணியம் குடியிருக்கும் ஈப்போவுக்குக் காரை எடுத்தேன்.

மணியம் அப்போது மச்சானின் டயர் கடையில் இருந்தான். கையெல்லாம் கறுப்பு. ஷரத்தைச் சொன்னதும் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"வேணாம்னு போடு. அந்த நம்பரு நான் பாடுபட்டு வாங்குனது. கடைசில போய் ஒக்கார நான் என்னா புதுப் பையனா?"

"லைசன்ஸ் செத்துப்போயிடும்டா. வயசும் ஓடுது."

"ஓடட்டும். இந்த மூஞ்சிய வச்சிகிட்டு அங்க எப்படிடா வாரது?"

கிளம்பும்போது அவன் மனைவி பாமா என் காருக்கு அருகில் வந்தது.

"அண்ணே, அவரு பேச்ச கேக்காதீங்க. தெனம் சாயங்காலம் காடிய எடுத்துகிட்டு ஏர்போர்ட் வேலிகிட்ட போய் நிக்கிறாரு. வீட்டுக்கு வந்தா ஒரு பேச்சு இல்ல. எனக்கு பயமா இருக்குண்ணே. ஒத்துக்கிறோம்னு போட்டுடுங்க."

திரும்பும் வழியெல்லாம் அதே யோசனை. வேண்டாம் என்று போட்டால் அவன் மானம் நிற்கும், ஆள் தரையிலேயே கிடப்பான். சரி என்று போட்டால் ஆள் பறப்பான், எனக்குக் கீழே, நேற்று வந்த பையன்களுக்கும் கீழே. அவன் வாழ்க்கையை முடிவு செய்ய நான் யார்?

சரி என்றே போட்டேன். ஒப்பந்தம் நிறைவேறியது. போனில் சொன்னேன்.

"சரி" என்று வைத்துவிட்டான்.

3. பினாங்கு விமானம்

மணியம் திரும்பி வந்தான், நான் ஓட்டும் ரகத்துக்கே. மெடிக்கல், சிமுலேட்டர் எல்லாம் முதல் தடவையிலேயே பாஸ். கேப்டனுக்குரிய நான்கு கோடு இருந்த தோளில் மூன்று கோடு.

அந்த வருடத் தீபாவளிக்கு எனக்கு லீவு கிடைத்தது. அவனுக்கு இல்லை. என் லீவை அவனுக்குத் தரலாம் என்று ரோஸ்டர் ஆபீசுக்குப் போனேன்.

"விட்டா அடுத்த நம்பருக்குத்தான் கேப்டன் போகும். அவரு எங்கயோ கடைசில இருக்காரு" என்றாள் அங்கிருந்த பெண். எங்கள் இருவருக்கும் நடுவில் இப்போது கம்பெனியில் பாதிப்பேர்.

"அப்படின்னா லீவு வேணாம்மா. என்னய அவன்கூட போட்டுடு" என்றேன்.

தீபாவளிக் காலை, பினாங்கு விமானம். நான் இடது சீட்டில், மணியம் வலது சீட்டில். அவன் இத்தனை வருடம் கேட்டது இப்படியா நடக்க வேண்டும்? பறந்து மேலே நிலைத்ததும் பையிலிருந்து முறுக்கு டப்பாவை எடுத்து வைத்தான்.

"பாமா குடுத்துச்சு, கேப்டன்." முன்பெல்லாம் "டேய் குணா" என்று நீட்டியவன்.

தெலுக் இந்தானைத் தாண்டியதும் அவன் பக்க ஜன்னலில் ஈப்போ மலைகள் தெரிந்தன.

"டேய் மணியம், உன் வீடு பாருடா" என்றேன்.

"ஆமா, கேப்டன்" என்றான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் அவன் முகத்தைப் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

இளைய விமானிகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒப்பந்தம் வந்தால் சம்பளப் பக்கத்தை அப்புறம் படியுங்கள். அதில் ஓட்டுப் போட முடியாதவன் யார் என்று முதலில் தேடிப்போய் அவன் முகத்தைப் பாருங்கள். பார்த்த பிறகும் என்னைப் போல ஒத்துக்கொள்ளத்தான் வேண்டிவரலாம். இன்று கேட்டாலும் நான் அப்படித்தான் போடுவேன். அவன் பறந்தான், பாமாவும் நிம்மதியாகத் தூங்கியது.

இப்போது இருவருமே ரிட்டையர் ஆகிவிட்டோம். நம்பரும் இல்லை, சீட்டும் இல்லை. போன வாரம் ஈப்போவுக்கு அவன் வீட்டுக்குப் போனேன். கேட்டைத் திறந்து, "வாங்க கேப்டன், உள்ள வாங்க" என்றான்.