வீட்டுக்குள்ளயா, வெளியவா?

லொறி மோதி இடுப்புக்குக் கீழே உணர்வு போனதிலிருந்து அலுவிகாரையில் எங்கள் வீட்டின் ஓர் அறையில்தான் என் வாழ்க்கை. ஜன்னலைக்கூட மூடி வைக்கச் சொல்லிவிடுவேன். பொழுதுபோக்காக ரிமோட் ஹெலிகாப்டர் ஒன்று வாங்க நினைத்து, மாத்தளைக் கடைக்காரரிடம் மனைவியின் போனில் ஸ்பீக்கரைப் போட்டுப் பேசினேன்.

"நீங்க சொல்ற விலைக்கு ரெண்டு இருக்குங்க. சின்னது காத்துல நிக்காது, ரூமுக்குத்தான் சரி. மத்தது செகண்ட் ஹேண்ட், வெளிய நல்லா பறக்கும். நீங்க எங்க பறக்க விடப்போறீங்க?" என்றார்.

சாதாரணக் கேள்விதான். "ரூமுக்குள்ள" என்று சொல்ல வாயெடுப்பதற்குள் மனைவி போனைப் பிடுங்கினாள்.

"வெளியதாங்க. மத்ததையே எடுத்து வைங்க."

"நான் எப்படி வெளிய போவேன்?" என்று கத்தினேன்.

"வீல்செயார்ல வச்சு நான் தள்ளிட்டுப் போறேன்," என்றாள்.

ஹெலிகாப்டர் வந்துவிட்டது. நான் இன்னும் வாசலைத் தாண்டவில்லை. ஆனால், இப்போதெல்லாம் ஜன்னலை மூடச் சொல்வதில்லை.